பாதிச் சவரம்

ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று எப்போது மேம்பட்டதாகக் கொள்ளப்படும்? நோயாளி எழுந்து நடக்கும்போது என்று சொல்பவர் உலகம் அறியாதவர். பதிவேட்டின் சிவப்புக் கட்டம் பச்சைக் கட்டமாக மாறும்போது என்று சொல்பவரே மேம்பாட்டுக் குழுவில் அமரத் தகுதி உடையவர். இந்த வேறுபாடு தெரியாமலே அக்குழுவில் போய் அமர்ந்தார் கண்டக்டர். முப்பத்தொரு ஆண்டுகள் ஓடும் பேருந்தில் நின்றபடியே வேலை பார்த்தவருக்கு, உட்கார நாற்காலி தருகிறோம் என்ற அழைப்பே போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்று இரண்டாண்டுகள் ஆகியும் தெரு அவரைக் கண்டக்டர் என்றே அழைத்தது. மாதம் ஒருமுறை இரத்த அழுத்த மாத்திரை வாங்க நிலையத்துக்குப் போவார். அப்படிப் போயிருந்த ஒரு காலையில் மேம்பாட்டு அலுவலர் உள்ளிருந்து வெளிப்பட்டார். 'மக்களே மையம்' என்னும் திட்டம் தொடங்குகிறது. குழுவில் அதிகாரிகள் பதின்மூவர் தயார். விதிப்படி மக்களில் ஒருவர் தேவை.

"இங்க வேலைவெட்டி இல்லாம இருக்கிறது யாருங்க?" என்றார் அலுவலர்.

கூடத்தில் இருந்த அறுபது பேருக்கும் போக இடமிருந்தது, பார்க்க வேலையிருந்தது. கண்டக்டரின் கை மட்டும் உயர்ந்தது. தேர்தல் முடிந்தது.

'மக்கள் பிரதிநிதி' என்று அச்சிட்ட அட்டை ஒன்றை நீலப் பட்டையில் கோத்து அவர் கழுத்தில் மாட்டினார்கள். வீட்டுக்கு வந்தும் அதை அவர் கழற்றவில்லை.

"சாப்பிடுறப்பவாவது அதைக் கழட்டி வைங்க. தட்டுல முங்குது" என்றார் மனைவி.

"கழட்டிட்டா நான் யாருன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

நிலையத்தின் கோடியில் ஒரு சிறிய அறை உண்டு. அங்கே பத்தொன்பது ஆண்டுகளாகப் புண்களுக்குக் கட்டுப் போட்டுவந்த செவிலியைத் தெரு 'கட்டு சிஸ்டர்' என்று அழைத்தது. சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் கொண்டவர்கள், இயந்திரத்தில் விரல் கொடுத்தவர்கள், நெடுநாள் படுத்தே கிடந்து முதுகு புண்ணானவர்கள் எல்லோரும் அந்த அறை வாசலில்தான் வரிசை கட்டுவார்கள். முதல் கூட்டத்துக்கு முந்தைய நாள் கட்டு சிஸ்டர் கண்டக்டரை வழிமறித்தார்.

"அண்ணே, குழுவில ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் ரூம் ஜன்னல் எட்டு மாசமா இறுகிப்போய்க் கிடக்குது. புண்ணு நாத்தம் உள்ளயே சுத்துது. ஒரு கார்பெண்டரை விட்டுத் தட்டித் திறந்து கொடுத்தாப் போதும். நான் எழுதிப் போட்டது ஒம்பது தடவை."

"ஜன்னல்தானே சிஸ்டர்? விடுங்க. நாளைக்குக் காத்து வருதா இல்லையான்னு பாருங்க" என்றார் கண்டக்டர், அட்டையைத் தடவியபடி.

கூட்டம் கூடியது. நீள்மேசையைச் சுற்றிப் பதின்மூன்று சுழல் நாற்காலிகள்; பதினான்காவது, கூடத்திலிருந்து தூக்கிவந்த பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அமர்ந்தவரின் மோவாய் மேசை விளிம்புக்கு நேராக வந்தது. மேம்பாட்டு அலுவலர் எழுந்து நாற்பது நிமிடம் முழங்கினார்.

"மக்களே நம் மையம்! காத்திருப்பு நேரம் பற்றி மாதந்தோறும் அறுபது புகார் வந்துகொண்டிருந்தது. சிந்தித்தோம். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை அகற்றினோம். புகார் நான்காகக் குறைந்தது. அந்த நால்வரும் கைக்கடிகாரம் கட்டியவர்கள், அவர்களிடமும் பேசிவருகிறோம். படிக்கட்டில் முதியோர் வழுக்கி விழுகிறார்கள் என்றார்கள். விழுந்தோர் பதிவேடு ஒன்றைத் திறந்து மாடியில் வைத்தோம். இன்றுவரை விழுந்தவர் எவரும் ஏறிவந்து கையெழுத்திடவில்லை. ஆகவே, எவரும் விழவில்லை!"

பதின்மூவரும் கைதட்டினார்கள். கண்டக்டரும் தட்டினார். எதற்குத் தட்டுகிறோம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஓடும் பேருந்தில் எல்லோரும் ஒரு பக்கம் சாயும்போது தனியே ஒருவர் நிமிர்ந்து நிற்பது கடினம் அல்லவா?

பிறகு மக்கள் பேசுவதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கப்பட்டது. மக்கள் எழுந்து நின்றார். அவர் சட்டைப் பையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. முந்தைய மாலை முழுதும் அமர்ந்து எழுதியது. குழுவின் பதின்மூவரையும் பதவிப் பெயர் பிசகாமல், மதிப்புக்குரிய, மாண்புக்குரிய, போற்றுதலுக்குரிய என்று அடைமொழி வகுத்து நன்றி சொன்னார். பதின்மூவர்க்கும் நன்றி சொல்லி முடித்தபோது இரண்டு நிமிடத்தில் எஞ்சியது சொற்ப நொடிகள்.

"அப்புறம், அந்தக் கட்டுப் போடுற ரூம் பக்கம் போனா நாத்தம் தாங்க முடியலைங்க..." என்று தொடங்கினார்.

மணி அடித்தது.

'ஜன்னல்' என்ற சொல் அவர் நாக்கின் நுனியில் நின்றது. அதற்குள் கைதட்டல் எழுந்துவிட்டது. எந்தத் திட்டத்தின் முதல் கூட்டத்துக்கும் இப்படி ஒரு கைதட்டல் வந்ததில்லை என்று பிறகு சொன்னார்கள். "துணிச்சலான குரல்! மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லும் குரல்! இதற்காகத்தான் மக்களை அழைத்தோம்!" என்றார் அலுவலர். அப்போது கண்டக்டர் வாய் திறந்திருக்கலாம். 'முடிக்கலைங்க' என்ற ஒரு சொல் போதும். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் சில்லறைக்காக ஊரிடம் திட்டு வாங்கிய காதுக்கு அந்தக் கைதட்டல் அவ்வளவு இதமாக இருந்தது. அவர் உட்கார்ந்தார். சிரித்தார். நீட்டிய பதிவேட்டில், படித்துப் பாராமல், கையெழுத்திட்டார்.

அந்தப் பதிவேட்டுக்கு ஒரு முறைமை உண்டு. மக்கள் சொன்னது ஒரு பத்தியில். எடுத்த நடவடிக்கை மறுபத்தியில். ஏழு நாளில் நடவடிக்கை எழுதப்படாவிட்டால் கட்டம் சிவப்பு, எழுதப்பட்டால் பச்சை. மூன்று சிவப்பு விழுந்தால் அலுவலருக்கு மாற்றல். 'கட்டு அறையின் துர்நாற்றத்தை அகற்ற வேண்டும்' என்று முதல் பத்தியில் எழுதினார்கள். நாற்றம் எதனால் வருகிறது? புண்ணால். புண் எதனால் வருகிறது? நோயாளியின் காலில் ஏறி வருகிறது. ஆறாம் நாள் காலை அறை வாசலில் பலகை தொங்கியது: 'மக்கள் கோரிக்கைப்படி இந்த அறை மூடப்பட்டது.' புண்ணுடையோர் இரண்டு பேருந்து மாறிப் பெரிய மருத்துவமனைக்குப் போகுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்பட்டனர். கட்டம் பச்சையானது.

அடுத்த வாரம் அந்த அறை 'மக்கள் கருத்து அறை' ஆயிற்று. சோபா வந்தது, பிளாஸ்டிக் பூக்கள் வந்தன. சோபாவில் அமர்வோர்க்குக் காற்று வேண்டும் என்பதற்காகக் கார்பெண்டர் வந்து கால் மணி நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார். கட்டு சிஸ்டருக்குக் கருத்து அட்டை வழங்கும் பணி தரப்பட்டது. அட்டையில் மூன்று முகங்கள்: ஒன்று சிரித்தது, ஒன்று நன்றாகச் சிரித்தது, ஒன்று வாய்விட்டுச் சிரித்தது. விருப்பம்போல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

கண்டக்டர் அந்த வாசலில் வந்து நின்றபோது சிஸ்டர் தலை நிமிரவில்லை.

"ஜன்னல்னுதானே அண்ணே சொல்லச் சொன்னேன்?"

"மணி அடிச்சுட்டாங்க சிஸ்டர்."

"மணி அடிச்சா பஸ்ஸு நிக்கும். உங்க வாயுமா நிக்கும்?"

திறந்த ஜன்னல் வழியே நல்ல காற்று வந்துகொண்டிருந்தது.

இனி, சலூன்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டக்டர் வீட்டுக்கு நாலு கதவு தள்ளி, இரண்டு நாற்காலி போட்ட சிறிய சலூன் அவருடையது. கண்டக்டரின் முகத்தை இருபத்தாறு ஆண்டுகளாக மழித்துவருபவர். நாள் முழுதும் நின்றே செய்யும் தொழில். இடக்கால் அடியில் ஆறாத சர்க்கரைப் புண். ஒருநாள் விட்டு ஒருநாள், கடை திறக்கும் முன் கட்டு அறைக்குப் போவார். பத்து நிமிடத்தில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். இப்போது அந்தப் பத்து நிமிடம் அரை நாளாகிவிட்டது. அரை நாள் கடை சாத்தினால் அரை நாள் வாடிக்கை அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஆகவே இரண்டு முறை போனார். பிறகு போவதை விட்டார். கடைத் துண்டைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு, கண்டக்டரின் தாடையில் நுரை தடவினார்.

"யோவ் கண்டக்டர், கேட்டியா சேதி? எவனோ ஒரு மகராசன் குழுவில எழுந்து நாத்தம்னு சொன்னானாம்யா. அதான் மூடிட்டாங்களாம். புண்ணுல நாத்தம் வராம, பூவாசமா வரும்?"

நுரைக்கு அடியில் கண்டக்டரின் முகம் எரிந்தது.

"உனக்குக் கூடத் தெரியாதா? நீதான் அட்டை மாட்டிக்கிட்டு உள்ள போயிட்டு வர்றியே. யாருய்யா அவன்?"

"பதிமூணு பேரு பேசுனாங்கண்ணே" என்றார் கண்டக்டர். "யார் என்ன சொன்னாங்கன்னு... காதுல சரியா விழலை."

பாதி சொன்னது முதல் குற்றம். இது இரண்டாவது. இதற்கு மணியும் அடிக்கவில்லை.

அன்று முதல் கண்டக்டருக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது தெருவில் துணி உதறினாலும் கைதட்டுவது போலக் கேட்டது. வெளியே கிளம்பும்போது அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "என்ன, இன்னைக்கு யாருன்னு தெரிய வேண்டாமா?" என்றார் மனைவி. அவர் நிலையத்துக்கு நடந்தார்.

மேம்பாட்டு அலுவலர் இன்முகத்துடன் வரவேற்றார்.

"சார், நான் அன்னைக்குச் சொன்னது பாதிதான்."

"பாதி சொன்னதுக்கே முழுசா நடவடிக்கை எடுத்திருக்கோம். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் சார். ரூமைத் திறந்துடுங்க."

"நிறைவேறாத கோரிக்கையைத்தான் வாபஸ் வாங்க முடியும். நாங்க எல்லாத்தையும் நிறைவேத்திடறோம். அதனால வாபஸ் படிவம் அச்சடிக்கவே இல்லை."

"கால்ல புண்ணு இருக்கிறவங்க தவிக்கிறாங்க சார்."

அலுவலர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அவர் குரலில் மேடை ஏறியது. "பாருங்கள்! போன மாதம் இந்த நிலையத்தில் நாற்பத்தொரு புண்கள். இந்த மாதம் ஒன்றுகூட இல்லை. ஒரே மாதத்தில் நாற்பத்தொரு புண்களை ஆற்றிய மருந்து உலகில் உண்டா? மருந்தே இல்லாமல் ஆற்றினோம் நாங்கள்! இதைப் பாராட்டி விழா எடுக்கப்போகிறார்கள். நீங்கள்தான் முதல் பேச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா ஷேவ் பண்ணிட்டு வாங்க. போட்டோ எடுப்பாங்க" என்றார்.

ஆறிப்போன அந்த நாற்பத்தொரு புண்களில் ஒன்று, மூன்றாவது வாரம் சலூன்காரரின் சுண்டுவிரலைக் கருப்பாக்கியது. பெரிய மருத்துவமனையில் விரலை எடுத்துவிட்டார்கள். "பத்து நாளைக்கு முன்னாடி வந்திருந்தா விரல் தங்கியிருக்கும்" என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னாராம். கண்டக்டர் அந்தப் பத்து நாளையும் எண்ணிப் பார்த்தார். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் அந்த நாட்களில் அவர்தான் இருந்தார்.

விழா நாள் காலை வந்தது. சலூன் அன்றுதான் மீண்டும் திறந்திருந்தது. சலூன்காரர் இடக்காலை முக்காலி மேல் வைத்து, வலக்காலில் நின்றபடி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் இருவர் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் சுருட்டிவைத்த சுவரொட்டியில் என்ன இருக்கிறது என்பது கண்டக்டருக்குத் தெரியும். முந்தைய நாளே அவருக்கு ஒரு பிரதி தந்திருந்தார்கள். ஆளுயரப் படம், கழுத்தில் அட்டை, வாயெல்லாம் பல், அடியில் 'நான் சொன்னேன், அவர்கள் செய்தார்கள்!' என்ற வாசகம்.

"வாய்யா. மேடை ஏறப் போறியாமே. மாப்பிள்ளை மாதிரி ஆக்கி அனுப்புறேன், உக்காரு" என்றார் சலூன்காரர்.

வலக்கன்னம் முடிந்தது. கத்தி மோவாயைக் கடந்து தொண்டையில் வந்து நின்றது. கண்ணாடியில், முதுகுக்குப் பின்னால், சுவரொட்டியின் மேல் ஓரம் விரியத் தொடங்கியது.

"அண்ணே" என்றார் கண்டக்டர். "நாத்தம்னு சொன்னது நான்தான்."

கத்தி அசையவில்லை.

"ஜன்னலைத் திறங்கன்னு சொல்லத்தான் எழுந்தேன். பதிமூணு பேருக்கும் நன்றி சொல்லி நேரத்தைத் தின்னுட்டேன். மணி அடிச்சாங்க, கைதட்டினாங்க, உக்காந்துட்டேன். நீங்க கேட்டப்பவும் தெரியாதுன்னு பொய் சொன்னேன்."

தொண்டைக்குழியில் கத்தி இருந்தது. அதை அழுத்த வேண்டியவர் அழுத்தியிருந்தாலும் கண்டக்டர் குறை சொல்லியிருக்க மாட்டார். சலூன்காரர் கத்தியை எடுத்துத் துடைத்தார். மடக்கினார். கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினார்.

"எழுந்திரு."

"அண்ணே, இன்னும் பாதி..."

"மணி அடிச்சாச்சுய்யா. போ."

இடக்கன்னத்தில் நுரையோடு கண்டக்டர் தெருவில் இறங்கினார். வீட்டில் சவரக்கத்தி இருந்தது. அடுத்த தெருவில் வேறு சலூனும் இருந்தது. இரண்டையும் கடந்து நேரே விழா மேடைக்கு நடந்தார். மூன்று நாள் வளர்ந்த வெள்ளை மயிர் ஒரு கன்னத்தில், மறுகன்னம் பளபளவென்று. மேடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். உயர் அதிகாரி ஒருவர், இது புதுவிதமான விழிப்புணர்வு முயற்சியோ என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

கண்டக்டர் எவருக்கும் நன்றி சொல்லவில்லை.

"நாத்தம்னு நான் சொன்னது பாதிப் பேச்சு. மீதி இதுதான். ஜன்னல் திறக்க வரலை, திறந்து கொடுங்கன்னு சிஸ்டர் கேட்டாங்க. ரூமை மூடச் சொல்லி யாரும் கேக்கலை. ஒருத்தரு கால்விரல் போயிடுச்சு. அதுக்கு நானும் காரணம், நீங்களும் காரணம். ரூமைத் திறங்க!"

மணி அடித்தது. அவர் நிறுத்தவில்லை. மீண்டும் அடித்தது. பேருந்து நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஒலிபெருக்கியின் இணைப்பைப் பிடுங்கினார்கள். இம்முறை எவரும் கைதட்டவில்லை. கூட்டத்தின் கடைசி வரிசையில் கட்டு சிஸ்டர் மட்டும், கையில் கருத்து அட்டைக் கட்டோடு எழுந்து நின்றார்.

நிர்வாகம் செவிசாய்க்கவில்லை என்று யாரும் பழிக்க வேண்டாம். மேடைப் பேச்சு அன்றே பதிவேட்டில் ஏறியது. 'ஜன்னல் தொடர்பாக மக்கள் பிரதிநிதிக்குக் கடும் மனவேதனை' என்பது முதல் பத்தி. ஆறாம் நாள் கொத்தனார் வந்து, திறந்திருந்த அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுப் போனார். கட்டம் பச்சையானது. கண்டக்டரின் நாற்காலிக்குப் புதிய மக்கள் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றைக்கு வேறு வேலை இல்லாதவர் அவர்தான்.

இப்போது மாலை வேளைகளில் பணி முடிந்ததும் கட்டு சிஸ்டர் சலூனுக்கு வருகிறார். ஒரு நாற்காலியில் முடிவெட்டு நடக்கும். மறுநாற்காலியில் சலூன்காரரின் கால் நீண்டிருக்கும். விரல் இருந்த இடத்தைச் சிஸ்டர் கழுவும்போது தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் கண்டக்டர். மூக்கைப் பொத்துவதில்லை. தட்டு ஒருபக்கம் இறங்கும்போது மட்டும், "தட்டைச் சாய்க்காதீங்க அண்ணே" என்பார் சிஸ்டர். செய்தி பரவி, புண்ணுள்ள வேறு ஆறேழு பேரும் கடை வாசலில் வந்து உட்காரத் தொடங்கியிருக்கிறார்கள். பதிவேட்டின்படி அவர்கள் எவருக்கும் புண் இல்லை.

ஜன்னல் அடைபட்ட செய்தியைச் சொன்ன நாளில், சலூன்காரர் அந்தப் பாதிச் சவரத்துக்குப் பின் முதன்முறையாகக் கண்டக்டரை ஏறெடுத்துப் பார்த்தார்.

"முழுசாச் சொன்னா ஜன்னலையும் மூடுவானுங்களா?"

"மூடிட்டாங்கண்ணே."

சலூன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதன் முடிவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்டக்டர் தயங்கித் தயங்கிக் காலி நாற்காலியைப் பார்த்தார். வலக்கன்னத்தை மட்டும் வீட்டில் மழித்துவந்தார்; இடக்கன்னத்தில் தாடி அதற்குள் அரிசிமணி நீளம் வளர்ந்திருந்தது.

"உக்காரட்டுமாண்ணே?"

"ரூம் திறக்கட்டும்யா. அன்னைக்கு மீதியை எடுக்கிறேன்."

"திறக்கலைன்னா?"

"வளரட்டும்."

அது வளர்ந்துகொண்டிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில், கடைவாசலில், மருந்துக்கான வரிசையில், பார்ப்பவர்கள் எல்லோரும் நின்று கேட்கிறார்கள்: "என்ன கண்டக்டர் இது, பாதியில விட்டுட்டாங்களா?" கேட்டவரை அவர் எளிதில் விடுவதில்லை. பக்கத்தில் நிறுத்திவைத்து, "நாத்தம்னு சொன்னது நான்தான்" என்று தொடங்கி, ஜன்னல், கைதட்டல், விரல் என்று ஒரு நிறுத்தமும் விடாமல் கடைசிவரை சொல்லி முடித்த பிறகே இறக்கிவிடுகிறார்.